மலைக்கு முதுகு காட்டிய பேனல்

9 டிசம்பர் 2025, செவ்வாய்

போதும். ஏழு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி இந்த நோட்டிலாவது எழுதித் தீர்ப்பேன்.

காலையில் கேட் கம்பியில் ஒரு துண்டறிக்கை செருகியிருந்தது. எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கம், செயலாளர் அப்பாசாமி கையெழுத்து. 'மலை பார்த்த சோலார் – இரண்டாம் கட்டம்.' முதல் கட்டத்தில் பதினான்கு வீடுகள் முடிந்தன. இப்போது முப்பத்தொரு வீடுகள். தை முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். மானியத்துக்கான காகித வேலை எல்லாம் ஒப்பந்தக்காரர் முருகையன் பொறுப்பு. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'பேனல்கள் அனைத்தும் அண்ணாமலையாரை நோக்கியே அமைக்கப்படும்.'

செங்கம் சாலைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தெருக்களில் எங்கே நின்றாலும் மலை வடக்கேதான். சூரியனோ வருஷத்தில் எட்டு மாதம் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. அப்படியானால் பதினான்கு மாடிகளில் கடன் வாங்கிப் போட்ட பேனல்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அதுவும் சும்மா இல்லை. மலை உச்சி 'தெரிய வேண்டும்' என்று பின்பக்கத்தை நன்றாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். இருபத்தைந்து டிகிரி இருக்கும். இன்னும் முப்பத்தொரு வீடுகள் இதே மாதிரி நிற்கப் போகின்றன.

என் மாடியில் இருப்பது மட்டும் தெற்குப் பார்த்தது. நாலு வருஷமாக. அதனால் எனக்கு இந்தத் தெருவில் ஒரு பட்டம்: மலைக்கு முதுகு காட்டினவர். கல்லூரியில் இயற்பியல் துறையை மூடி இருபத்தாறு வருஷ வாத்தியாரை ஒரே கடிதத்தில் வெளியே அனுப்பினார்களே, அதற்கும் காரணம் என் மாடிதானாம். நிர்வாகத்தின் பேராசை இல்லையாம்.

முருகையன் என்னிடம் படித்தவன். பிறகு இரண்டு வருஷம் என்னோடு சேர்ந்து இந்தப் பேனல் தொழிலைத் தொடங்கியவன். வரைபடம் என் வேலை, ஆள் பிடிப்பது அவன் வேலை. ஒரு லாட்ஜ் முதலாளி பேனலை மலைப் பக்கம் திருப்பச் சொன்னார். நான் முடியாது என்றேன். "கஸ்டமர் இன்னா கேக்கறாரோ அத குடுக்கறதுதான் சார் வியாபாரம்" என்றான். அன்றோடு பிரிந்தோம். இப்போது அவனுக்கு இரண்டு வேன், எட்டு ஆட்கள்.

ஜூன் மாதம் சங்கக் கூட்டத்தில் அவன் ஒரு பலகை வைத்தான். நேற்றைய மின்சாரம்: மலை பார்த்த வீடு இருபத்து நான்கு யூனிட், அஜிதன் சார் வீடு, அதாவது என் வீடு, இருபத்திரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். அது பொய் இல்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. சித்திரை நடுவிலிருந்து ஆவணிப் பிறப்பு வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். அந்த நாலு மாதம் அவர்கள் பேனல் என்னுடையதை ஜெயிக்கும். பலகையை எந்த மாதத்தில் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், "நயினார் வீட்டு ஆளு, மலைக்கு எதிரா பேசறாரு" என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் சமணர்கள். இந்த மாவட்டத்து மண்ணில் எங்கள் ஆட்கள் எத்தனை தலைமுறையாக ஏர் ஓட்டினார்கள் என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை, அவ்வளவு பழசு. ஆனாலும் மலை என்று வந்துவிட்டால் நான் நேற்று வந்தவன்.

10 டிசம்பர்

மேகம். எட்டு யூனிட்தான். என் எலெக்ட்ரிக் காரில் எழுபது சதம் சார்ஜ் இருக்கிறது. வெளியே போக வேண்டிய வேலையும் இல்லை.

14 டிசம்பர், ஞாயிறு

சரோஜா வந்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் எனக்கு உதவியாளராக இருந்தவள். என்னை அனுப்பிய அதே நாளில் அவளையும் அனுப்பினார்கள். கணவர் இல்லை. மகள் ஆர்த்தி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரி கொடுத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்து ஓட்டுகிறாள். பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து, வாடகை வண்டி. ரமணாசிரமம் பக்கம் வந்து தங்குகிறவர்களைப் புதுச்சேரிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுகிறாள். தனியாக வரும் பெண்கள் அவளைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் காரை வாங்கச் சொன்னது நான். இதே மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பெட்ரோல் காரென்றால் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். இதற்கு வீட்டுக் கரண்ட் என்றால் ஒரு ரூபாய் சொச்சம், மாடியில் பேனலும் போட்டால் அதுவும் இல்லை. வெளியே சார்ஜ் போட்டால் மட்டும் மூன்று மடங்கு. அதனால் வீடுதான் உன் பெட்ரோல் பங்க் என்றேன். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று போனை நீட்டினாள்.

"சார், இது இன்னா சார்?"

மின்சார வாரியத்துக் குறுஞ்செய்தி. பதினோராயிரத்து நானூறு.

"ரெண்டு மாசத்துக்குத்தான். பேனல் போட்டா பில்லே வராதுன்னாங்க. ஆடியில நானூறு ரூபா வந்துது, சந்தோசமா கட்டினேன். இப்ப பாருங்க."

"முருகையன கேட்டியாம்மா?"

"கேட்டேன். பேனல் மேல தப்பு இல்லக்கா, உங்க கார்தான் கரண்ட்ட குடிக்குது. அஜிதன் சார் பேச்ச கேட்டுதான வாங்கினீங்க, அவரையே போய் கேளுங்கன்றான்."

என் மனைவி அனுபமா காபி கொண்டுவந்து வைத்தாள். சரோஜா தொடவில்லை.

"கார் டியூ பதினாறாயிரம். பேனல் டியூ நாலாயிரம். ஆர்த்திக்கு பொங்கல் கழிச்சு பீஸ் கட்டணும். எங்க அண்ணன் இன்னாடான்னா வண்டிய வித்துத் தொலைன்றாரு. நீங்கதான சார் சொன்னீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேகமா இருந்திருக்கும்மா. பாக்கலாம்."

மேகமாம்.

15 டிசம்பர்

அந்த பில் எப்படி வந்தது என்று எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் இந்த ஊருக்கு வெளிநாட்டார் வருகை. அவளுக்கு ஓட்டம் அதிகமாகும் மாதங்கள் இவை. அவள் பேனல் படுத்துவிடும் மாதங்களும் இவைதான். வருஷக் கணக்கில் பார்த்தால் ஆறில் ஒரு பங்குதான் நஷ்டம், யாருக்கும் உறைக்காது. மார்கழியில் பாதியே போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. வாரியத்தின் விலை படிக்கட்டு மாதிரி. பேனல் கொடுத்ததைக் கழித்த நிகரக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு படியும் செங்குத்து. வீட்டுக்கு மட்டும் கரண்ட் வேண்டியவர்கள் வடக்குப் பார்த்தாலும் கீழ்ப்படியிலேயே தப்பிவிடுகிறார்கள். அதனால்தான் மற்ற பதின்மூன்று வீட்டிலும் சத்தமே இல்லை. இவள் காரையும் சேர்த்து ஏற்றுவதால் நேரே உச்சிப் படிக்குப் போய்விட்டாள்.

தெற்குப் பார்த்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் குறைந்திருக்கும். ஓட்டம் இருக்கும் மாதத்தில் மீதியை அவளே சமாளித்திருப்பாள்.

அனுபமா கேட்டாள்: "ஏங்க, இதெல்லாம் அவகிட்ட சொல்லாம நோட்டுகிட்ட எதுக்கு சொல்றீங்க?"

17 டிசம்பர், புதன்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது.

மே மாதம். காலை ஏழு மணி. நான் என் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு வீடு தள்ளி சரோஜா வீட்டு மாடியில் முருகையனின் ஆட்கள் கம்பிக் கால்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். தெற்கே உயரக் கால், வடக்கே குட்டைக் கால். பார்த்த உடனே தெரிந்தது. சரோஜாவும் மாடியில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் குவித்துக் கூப்பிட்டாள்:

"சார், சரியா கீதா பாருங்க சார்."

நான் கையை ஆட்டினேன். சரியாக இருக்கிறது என்கிற மாதிரி. ஆட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

ஏன்? ஒரு வாரம் முன்னால்தான் அவள் முருகையனுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரை வாங்க என் புத்தி வேண்டியிருந்தது, பேனலுக்கு அவன். போ, போய்ப் பட்டுத் தெரிந்துகொள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் கால்களை மாற்றி நட்டிருப்பார்கள்.

ஏழு மாத மௌனம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், என்னவோ அவமானத்தைப் பொறுத்துக்கொண்டவன் மாதிரி. அந்த ஏழு மாதமும் இந்தக் கையாட்டலிலிருந்துதான் தொடங்குகிறது.

18 டிசம்பர்

பதினோரு யூனிட். இரண்டு வீடு தள்ளி ஐந்தோ ஆறோ.

21 டிசம்பர், ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன்.

வாசலில் காருக்கு வயர் செருகிக்கொண்டிருந்தாள். முதலில் திசையைச் சொன்னேன். சூரியன், சாய்வு, மார்கழி. தலையாட்டிக் கேட்டாள், ஆய்வகத்தில் கேட்பது போல. பிறகு மே மாதத்தைச் சொன்னேன். தலை நின்றது.

"நான் கேட்டனே சார். நீங்க கை ஆட்டினீங்களே."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

வயரைச் செருகி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காலேஜ்ல ஒரு மீட்டர் தப்பா காட்டினா கூட பசங்களுக்கு மார்க் போவும்னு நைட்டு வரைக்கும் ஒக்காந்து சரி பண்ணுவீங்களே சார். எனக்குன்னா கை ஆட்டிட்டீங்க."

பேனலைத் திருப்பிவிடலாம், செலவு என்னுடையது என்றேன். வேண்டாம் என்றாள். இப்போது அவள் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க வீட்டுக்கு அது பரவால்ல சார். நாங்க தெனம் காலையில மலைய பாத்து கும்புட்டுட்டுதான் அடுப்பு பத்த வெக்கிறோம். அது பக்கம் காலு கூட நீட்டிப் படுக்க மாட்டோம். இவ்ளோ பெரிய சாமான அதுக்கு முதுகு காட்டி எப்படி சார் வெக்கிறது? நாளைக்கு ரோட்டுல எனக்கு ஒண்ணு ஆச்சின்னா ஆர்த்தி யார கேப்பா?"

வீட்டுக்கு வந்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அனுபமா தட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

23 டிசம்பர்

டீக்கடையில் முருகையன். எழுந்து நின்று, "சார், வாங்க, டீ சொல்லட்டா" என்றான். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

"சரோஜா வீட்ட திருப்பப் போறீங்களாமே. திருப்புங்க சார். ஆனா வாரண்டிய மறந்துடச் சொல்லுங்க. நம்ம ஆளுங்க கை வெக்காத ஸ்ட்ரக்சருக்கு நான் பொறுப்பு இல்ல."

"மார்கழியில பாதிதான் வரும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். தெக்க பாத்து போடலாம்னு மொதல் வீட்டுல சொன்னேன். வாசக் கேட்ட சாத்திட்டாங்க. ரெண்டாவது வீட்டுல மலைய பாத்து போடறோம்னேன், உள்ள கூப்ட்டு மோர் குடுத்தாங்க. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"கேட்டுக்கு வெளியிலயே நின்னிருப்பேன்."

"அதான் சார் நிக்கறீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன். நல்ல பதில் வீட்டு வாசலில்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதை இங்கே எழுதுகிறேன்: மோர் குடித்தவன் போய்விட்டான், கரண்ட் பில் அவள் வீட்டுக்கு வருகிறது.

28 டிசம்பர், ஞாயிறு

சரோஜாவின் அண்ணன் ஒரு புரோக்கரை அழைத்துவந்தார். என் ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது. கேட்கட்டும் என்றே அந்த ஆள் உரக்கப் பேசினான்.

"பேட்டரி வண்டிமா. செகண்ட்ல எவனும் கை வெக்க மாட்டான். பெட்ரோல் வண்டின்னா பாதிக்கு மேல சொல்லுவேன். இதுக்கு மூணுல ஒரு பங்கு. அதுவும் உனக்காக."

அதுதான் நிலைமை. இந்தக் காரை ஓட்டினால் லாபம், விற்றால் மரணம். என் காரையும் இதே ஆள்தான் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது காரா, செல்போனா?" என்று கேட்டான். நாலு வருஷமாக நான் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றதில்லை என்று அவனுக்கு எங்கே தெரியும்.

அந்த விலைக்கு விற்றால் கார் போனபிறகும் கார்க் கடன் பாதி நிற்கும். அவள் கையில் சாவி, தலைக்கு மேல் ஆர்த்தியின் பீஸ், எதிரே அண்ணனின் முகம். பொங்கலுக்குள் சொல்கிறேன் என்று புரோக்கரை அனுப்பிவிட்டாள்.

3 ஜனவரி 2026, சனி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் செங்கம் சாலையில் காலையிலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள். இந்த ஒரு நாள் சரோஜாவுக்குச் சவாரி கிடையாது, வண்டி தெருவை விட்டு நகர முடியாது.

பதினொன்றரை மணிக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சார், திசை திசைன்னு சொல்றீங்களே. நீங்க சொல்றத நம்ப மாட்டேன். முருகையன் சொல்றதையும் நம்ப மாட்டேன். நானே பாக்கணும். எப்படி பாக்கறது?"

ஆய்வக உதவியாளர் கேட்கிற கேள்வி. நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

இரண்டு புதுப் பென்சில் எடுத்தேன், ஒரே நீளம். முதலில் என் மாடி. உச்சி வேளை. பேனல் கண்ணாடி மேல் பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். நிழல் பென்சிலில் பாதி கூட இல்லை. வெயில் ஏறக்குறைய நேராக விழுகிறது. பிறகு அவள் மாடி. அதே பென்சில், அதே மாதிரி நிறுத்தினாள். நிழல் பென்சிலைத் தாண்டி, இன்னொரு பாதிப் பென்சில் தூரம் போய்ப் படுத்திருந்தது. வெயில் அந்தக் கண்ணாடியில் விழவில்லை, உரசிக்கொண்டு போகிறது.

மூன்று தடவை நிறுத்திப் பார்த்தாள். இடம் மாற்றிப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே செங்கம் சாலையில் ஜனம் நடந்துகொண்டிருந்தது. பென்சில்களை எடுத்துப் பையில் போட்டேன். பேசினால் கெடும் என்று தெரிந்தது.

அவளாகவே சொன்னாள். "ஏர்போர்ட்டு சவாரி போறப்ப எல்லாம் மலைக்கு முதுகு காட்டிட்டுதான சார் போறேன். இந்த ஊர்ல வேலைக்குப் போறவங்க எல்லாருமே அப்படித்தான போறாங்க. சாமி இன்னா கோச்சிக்குதா. சாயந்திரம் திரும்பி வரப்ப பாத்துக்கறோம்."

பிறகு, "திருப்பிடுங்க" என்றாள்.

ஒரு மாதமாக நான் எத்தனை வாதம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

6 ஜனவரி, செவ்வாய்

கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு வெல்டர்கள் வந்தார்கள். உள்ளூரில் யாரும் வர மாட்டேன் என்றார்கள். பத்துப் பேனலையும் இறக்கி, தெற்குக் கால்களை அறுத்துக் குறைத்து, வடக்கே உயரம் கொடுத்தார்கள். நேற்றும் இன்றும் வேலை. கூலி நான் கொடுத்தேன். அவள் பாதி கொடுக்கப் பார்த்தாள், வாங்கவில்லை.

சுற்று மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் வெகுநேரம் துணி காயப்போட்டார்கள்.

வேலை தொடங்குமுன் சரோஜா மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினாள். தட்டை என் பக்கமும் நீட்டினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாரும் என்னை மதம் மாற்றவில்லை. அவள் நீட்டினாள், எடுத்துக்கொண்டேன்.

8 ஜனவரி

அவள் மீட்டர்: பதினெட்டு. திருப்புவதற்கு முந்தின வாரம் ஒன்பது, பத்து.

அனுபமா: "இப்ப சாப்பிடலாமா?"

11 ஜனவரி, ஞாயிறு

சங்கக் கூட்டம். எழுந்தேன். பதின்மூன்று வீட்டு மின்சாரத்தைப் பற்றியும், சேரப்போகும் முப்பத்தொரு வீட்டைப் பற்றியும் பேச ஐந்தே நிமிஷம் கேட்டேன். இரண்டு நிமிஷம் கிடைத்தது.

அப்பாசாமி நல்லவிதமாகத்தான் சொன்னார். "சார், நீங்க படிச்சவங்க, உங்க மேல எங்களுக்கு மரியாதை ஜாஸ்தி. ஆனா இது எங்க சாமி விஷயம். இதுல மட்டும் தலையிடாதீங்க."

"நான் சாமியப் பத்திப் பேசல. சூரியனப் பத்திப் பேசறேன்."

பின் வரிசையிலிருந்து யாரோ: "கிரிவலமே வராதவருக்கு மலைய பத்தி இன்னா தெரியும்."

அதோடு முடிந்தது. ஒருவர்கூட எண்ணைக் கேட்கவில்லை. எத்தனை யூனிட், எந்த மாதம், ஒன்றும் இல்லை. நான் எழுந்த உடனேயே அவர்கள் என்னைக் கேட்டு முடித்துவிட்டார்கள். பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், குலத்தைக் கேட்டார்கள். கணக்கு வருவதற்குள் காது மூடிவிட்டது.

வெளியே வரும்போது அப்பாசாமி தாழ்ந்த குரலில், "சரோஜாவையும் இழுத்துவிட்டீங்களே சார், பாவம்" என்றார். ஏன் பாவம் என்று வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது. அவளுக்கு மாதம் ஐந்தாறு சவாரி கொடுத்துவந்த ஒரு தங்கும் விடுதிக்காரர் நேற்றிலிருந்து வேறு வண்டியைக் கூப்பிடுகிறார். சங்கத்தில் அவரும் உறுப்பினர்.

இந்த ஊரை எனக்குத் தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். ஆனாலும் விடப்போவதில்லை.

16 ஜனவரி, வெள்ளி

பொங்கல் நேற்று முடிந்தது. புரோக்கர் காலையில் வந்தான். சரோஜா வாசலிலேயே நிறுத்தி, "வண்டி விக்கிறதில்லண்ணா. உங்க நம்பர வெச்சிக்கிறேன், ஆர்த்தி டாக்டர் ஆனா கார் வாங்கித் தாங்க" என்றாள். நர்சிங் படிக்கிறவள் எப்படி டாக்டர் ஆவாள் என்று அவன் கேட்கவில்லை. போய்விட்டான்.

விடுதிக்காரர் நிறுத்திவிட்ட சவாரிகளில் மூன்றை, பழைய பயணிகள் நேராக அவளுக்கே போன் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம்.

25 ஜனவரி, ஞாயிறு

ஒரு வாரமாகக் கடிதம் எழுதுகிறேன். நாற்பத்து நான்கு பிரதிகள், சேரப்போகும் முப்பத்தொரு வீட்டுக்கும் ஏற்கெனவே போட்ட பதின்மூன்று வீட்டுக்கும். எட்டுத் தாளைக் கிழித்தேன். முருகையனைப் பற்றி எழுதிய பத்தியை அனுபமா அடித்துவிட்டாள். "இது கடிதாசியா, உங்க கோவமா?" நான் மறுபடி எழுதினேன், அவள் மறுபடி அடித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவு:

'உங்கள் மாடிக்கு ஏறிப் பாருங்கள். தொலைக்காட்சிக்காக நீங்கள் வைத்திருக்கும் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது? தென்கிழக்கே. அதன் முதுகு மலைப் பக்கம். இருபது வருஷமாக இந்த நகரில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. எந்த வீட்டுக்கும் கெடுதல் வரவில்லை. சீரியல் வரும் திசைக்கு டிஷ்ஷைத் திருப்பியவர்கள் வெயில் வரும் திசைக்குப் பேனலைத் திருப்பினால் அண்ணாமலையார் வருத்தப்பட மாட்டார். உச்சி வேளையில் பேனல் மேல் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். நிழல் நீளமாக இருந்தால் உங்கள் வெயில் வீணாகிறது. ஜூன் மாதக் கணக்கைக் காட்டுகிறவரிடம் மார்கழிக் கணக்கைக் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.'

இவ்வளவுதான். இதில் ஒரு வார்த்தை பொய் என்று எவனாவது நிரூபிக்கட்டும்.

2 பிப்ரவரி, திங்கள்

உறைகளில் விலாசம் எழுதி முடித்தேன். சரோஜா வந்து ஒரு பிரதியை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"பேரு?"

"என் பேர போட்டா நாலாவது வரிக்கு மேல எவனும் படிக்க மாட்டான்மா."

"அப்ப என் பேர போடுங்க சார். நான் தெனம் மலைய கும்புடறவ. என்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டுப் பேனாவையும் எடுத்துவிட்டாள். ஒரு விடுதிக்காரர் போனது போதாதா? இன்னும் நாலு பேர் கூப்பிடாமல் விட்டால் பதினாறாயிரம் டியூவை யார் கட்டுவது? நான் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு, "ஒண்ணர மணிக்கு புதுச்சேரி சவாரி, வரேன் சார்" என்று கிளம்பினாள். தொண்ணூற்றாறு சதம் சார்ஜ் இருக்கிறதாம்.

அவள் போனபிறகு நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், போட ஆசை. 'பேராசிரியர் அஜிதன், ஓய்வு' என்று கொட்டை எழுத்தில். மார்கழி வரட்டும், இந்தத் தெருவே என் வாசலில் வந்து நிற்கட்டும், அன்று நான் என்ன சொல்வேன் என்று வசனம்கூடத் தயாராக இருந்தது. ஒரு மனுஷன் எத்தனை வருஷம் சரியாக இருந்துகொண்டே தோற்பது?

ஆனால் மே மாதம் சரோஜா கேட்டபோது எனக்கு ஒரு பெயர் இருந்தது, மரியாதை இருந்தது, நான் சரி என்கிற கர்வம் இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் கொடுக்கவில்லை.

மொட்டைக் கடிதாசி போடுகிறவன் கோழை என்பார்கள். என்னைப் பற்றி இந்தத் தெரு இதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் பாக்கி. அதையும் சொல்லிக்கொள்ளட்டும். யார் எழுதினது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், தெரியும். அதற்குள் படித்திருப்பார்கள்.

நாற்பத்து நான்கு உறைகளையும் ஒட்டிவிட்டேன். காலையில் பெரிய தபாலாபீஸ் வரை நானே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் போடுவேன். பெயர் இல்லாமல்தான்.